செபத்தில் விடுபட்ட பெயர்

என் அன்பு அக்காவுக்கு,

கல்யாணம் முடிந்து ராயப்பன்பட்டி வீட்டுக்கு வந்து இறங்கிய அன்று, வாசலிலேயே என் நெற்றியில் சிலுவை போட்டு, "உள்ள வாத்தா, இனிமே இது உன் வீடு" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போன என் சவேரியம்மாள் அக்காவுக்கு, செல்வி எழுதுகிறேன்.

நலமா என்று கேட்கத்தான் கை போகிறது. நீங்கள் இருக்கிற இடத்தில் நலத்துக்கு என்ன குறை இருக்கப்போகிறது? அதனால் எங்கள் நலத்தைச் சொல்கிறேன். நன்றாக இருக்கிறோம் அக்கா. சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை. நடுவில் சில மாதம் நன்றாக இல்லை. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அடுத்த வாரம் உங்களுக்கு வருசப் பூசை. நினைவு அட்டை அடிக்க உத்தமபாளையத்தில் கொடுத்திருக்கிறோம். படத்துக்குக் கீழே இரண்டு வரிக்குத்தான் இடம் இருக்கிறதாம். என் மூத்தவள் மெர்சி போனைக் கையில் வைத்துக்கொண்டு, "அம்மா, பெரியம்மாவப் பத்தி ரெண்டு வரி சொல்லுங்க, டைப் பண்ணி அனுப்பிருவேன்" என்று நிற்கிறாள். அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு, இருபது வருசம் ஒரே அடுப்படியில் இடித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நின்ற ஓரகத்திகள் நாம். இரண்டு வரியில் நான் என்னத்தைச் சொல்ல? போடி அந்தப் பக்கம் என்று விரட்டிவிட்டு, அவளுடைய பழைய நோட்டில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் செபத்தில் இருந்து தொடங்குகிறேன். வேறு எங்கிருந்து தொடங்க முடியும்?

ஏழு மணிக்குக் கோயில் மணி அடித்தால் போதும், நீங்கள் கையில் செபமாலையோடு மாதா படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். நாங்கள் எல்லோரும் போட்டதைப் போட்டபடி வரவேண்டும். செபமாலையின் ஐந்து பத்து மணிகளையும் உருட்டிச் சொல்லி, மாதா மன்றாட்டு மாலையும் முடித்தால் ஊரில் மற்ற வீடுகளில் எழுந்துவிடுவார்கள். நம் வீட்டில் அதற்குப் பிறகுதான் பெயர் வரிசை. இறந்துபோனவர்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, ஆளுக்கு ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபம். நம் மாமனாரின் அய்யாவில் தொடங்கும். உங்கள் பக்கத்து ஆட்கள், என் பக்கத்து ஆட்கள், ஞானப்பெற்றோர் எல்லோரும் வருவார்கள்.

அதோடு நின்றதா? உங்கள் அப்பா சின்ன வயதில் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்து வேலைக்குப் போய்க் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊற்றின மலையாளத்து அம்மாவும் வரிசையில் உண்டு. பெயர் தெரியாது. 'கஞ்சி அம்மச்சிக்காக' என்றே வேண்டுவீர்கள். ஒருமுறை டவுன் பஸ்ஸில் உங்களுக்கு சீட்டு விட்டுக்கொடுத்துவிட்டு, மறுவாரமே இறந்துபோன காமயகவுண்டன்பட்டிக்காரரும் உண்டு. "அவக வேற சாமி கும்பிடுறவகல்லக்கா" என்று நான் கேட்டதற்கு, "இருந்தா என்ன, மாதாவுக்கு ஆள் தெரியும்" என்றீர்கள். மொத்தம் இருபத்தாறு பேர். அத்தனை பேரையும் சொல்லி முடிக்கும்போது மணி எட்டாகிவிடும். என் சின்னவள் ஜெனிபர் அரிசி டிரம்மில் தலையைச் சாய்த்துத் தூங்கியிருப்பாள். சோறு ஆறிப்போயிருக்கும்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்கு என்ன எரிச்சலோ, சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஏக்கா, செத்தவகளுக்கு இம்புட்டு நேரம் குடுக்கீக. உசுரோட இருக்கிற புள்ளைக பசியோட உக்காந்திருக்குதுகளே" என்று கேட்டுவிட்டேன். நீங்கள் கோபப்படவில்லை. ரசத்தைக் கலக்கிக்கொண்டே சிரித்தீர்கள்.

"ஒருநா எம் பேரும் உம் பேரும் இந்த வரிசையில வரும்ல. அப்ப எவளாவது சோறு ஆறுதுன்னு நம்ம பேர விட்டுட்டா என்னத்தா செய்வ?"

அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பெயர் வரிசைக்குப் பிறகு இன்னொன்று வைத்திருந்தீர்கள். அதன் அருமை எனக்கு நீங்கள் போன பிறகுதான் தெரிந்தது. ஆளுக்கு ஒரு மன்றாட்டு. பெயர்தான் மன்றாட்டு, உண்மையில் அது நம் வீட்டு அறிவிப்புப் பலகை. "ஆண்டவரே, நாளைக்கு ஜெனிபருக்கு ஸ்கூல்ல விளையாட்டு விழா, வெள்ளை சூவ இன்னும் துடைக்கல, அதை அவளுக்கு ஞாபகப்படுத்தும்" என்பீர்கள். "ஆண்டவரே, என் மகன் ஜெரால்டு வண்டியில பிரேக்கு பிடிக்கல, நாளைக்காவது ஒர்க்‌ஷாப்புல விட அவனுக்கு நல்ல புத்தி தாரும்" என்பீர்கள். யாரையும் நேராக ஏவமாட்டீர்கள். ஆண்டவர் வழியாகத்தான் எல்லாம் வரும். நாங்களும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைத் தெரிந்துகொள்வோம். தோட்டத்தில் எந்தத் திராட்சைப் பந்தலுக்கு எப்போது தண்ணீர், எப்போது மருந்து, வியாபாரி என்றைக்கு வருகிறார், எல்லாமே அண்ணனும் தம்பியும் அங்கே உட்கார்ந்துதான் கேட்டுக்கொள்வார்கள்.

பிறகு நீங்கள் போய்விட்டீர்கள். நல்லாத்தான் இருந்தீர்கள். நெஞ்சு அடைக்கிறது என்று தேனிக்குக் கூட்டிப்போனோம், ஆறாவது நாள் வெள்ளைத் துணியில் கொண்டுவந்தோம். அதைப் பற்றி உங்களிடம் நான் சொல்ல என்ன இருக்கிறது?

முப்பது நாளும் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். யார் யாரோ செபம் சொன்னார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்து மத்தியானச் சாப்பாட்டோடு எல்லோரும் கிளம்பினார்கள். அன்று சாயங்காலம் ஏழு மணி அடித்தது. நாங்கள் ஆறு பேர்தான். நான் அத்தான் என்று கூப்பிடும் உங்கள் வீட்டுக்காரர், உங்கள் மகன் ஜெரால்டு, உங்கள் கொழுந்தனாரான என் வீட்டுக்காரர், நான், என் பிள்ளைகள் இரண்டு பேர். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். உங்கள் இடத்தில் உட்காராமல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து நான்தான் செபம் சொன்னேன்.

பெயர் வரிசை வந்தது. எத்தனை வருசம் கேட்டிருப்பேன், வாயில் தானாக வந்தது. ஒவ்வொருவராகச் சொல்லி வந்தேன். நம் மாமனார், மாமியார், கஞ்சி அம்மச்சி, சீட்டு விட்டுக்கொடுத்த பஸ்காரர் எல்லோரும் வந்தார்கள். இருபத்தாறும் முடிந்தது. இருபத்தேழாவது நீங்கள்.

வரவில்லை அக்கா. அத்தான் தலையைக் குனிந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன், இந்த மனுசனுக்கு முன்னால் இந்தப் பெயரைச் சொல்லி அழவைக்க வேண்டாம் என்று நினைத்தேன். சொல்லாமலே மன்றாட்டுக்குத் தாவினேன். மன்றாட்டும் யாரிடமும் இல்லை. சிலுவை போட்டு எழுந்துவிட்டோம்.

மறுநாள் அந்த இடம் வருமே என்று காலையில் இருந்தே பயம். அதனால் வரிசையையே விட்டுவிட்டேன். கேட்டால், பிள்ளைகளுக்குப் படிப்பு இருக்கிறது என்று சொல்ல நினைத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. செபம் சீக்கிரம் முடிந்தது, சோறு சூடாக இருந்தது. அந்தச் சூடான சோறு எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது என்பதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் மறைத்து நான் எங்கே போக?

அடுத்த நாளில் இருந்து அத்தான் செபத்துக்கு வரவில்லை. தோட்டத்தில் வேலை இருக்கிறது, சாப்பாட்டை மோட்டார் ரூமுக்குக் கொடுத்துவிடு என்றார். பெரியவரே வராதபோது நமக்கென்ன என்று உங்கள் கொழுந்தனார் நியூஸ் பார்க்க உட்கார்ந்தார். ஜெரால்டு போடியில் ஏலக்காய்க் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்தான், வேலையை முடித்து வர எட்டாகும். மெர்சிக்கும் டியூசன் தொடங்கிவிட்டது. கொஞ்ச நாள் நானும் ஜெனிபரும் மட்டும் சொன்னோம். பிறகு அதுவும் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஆனது.

செபம் போனால் செபம்தானே போகும் என்று நினைத்தேன். வீடே கழன்று போகும் என்று யாருக்குத் தெரியும்? ஆறு பேர் ஆறு நேரத்துக்குச் சாப்பிட்டோம். ஒரே குழம்பை ஐந்து தடவை சூடு பண்ணினேன். காலையில் ஒருத்தி சாக்ஸைக் காணோம் என்பாள், இன்னொருத்தி இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் தேர்வு, உங்களிடம் சொல்லவில்லையா என்பாள். எனக்கு யார் சொன்னது? ஜெரால்டு கட்டின டிபனை வைத்துவிட்டுப் போவான், அன்றைக்குக் கடையில் விருந்தாம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஆளுக்கொரு நேரத்தில் போனோம். ஒரே வீட்டுக்குள் ஒருவருக்கொருவர் விருந்தாளியாகிவிட்டோம்.

அப்புறம் தோட்டத்தில் அது நடந்தது.

கிழக்குப் பந்தலில் பன்னீர் திராட்சை நன்றாகப் பிடித்திருந்தது. இன்னும் இரண்டு வாரம் விட்டு வெட்டலாம் என்பதுதான் பேச்சு. மழை வரும்போல் இருக்கிறதென்று அத்தான் திங்கட்கிழமை டீக்கடையில் வியாபாரியைப் பார்த்து, வியாழக்கிழமையே வெட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எங்கே சொல்வார்? சொல்கிற இடம்தான் இல்லாமல் போயிற்றே. உங்கள் கொழுந்தனார் இரண்டு வாரம் இருக்கிறதே என்ற நினைப்பில் புதன்கிழமை போய் மருந்து அடித்துவிட்டார். வியாழக்கிழமை காலையில் ஆட்களோடு வந்த வியாபாரி வாசனையை மோந்து பார்த்துவிட்டு, மருந்து அடித்த பழத்தை வெட்டமாட்டேன் என்று திரும்பிப் போனார். சனிக்கிழமை மழை. பழம் எல்லாம் வெடித்துவிட்டது.

வீட்டு வாசலில் வைத்து அண்ணனும் தம்பியும் பேசிய பேச்சை நீங்கள் கேட்டிருக்கக் கூடாது.

"ஒரு வார்த்த சொல்லணும்ல? நான் என்ன சோசியமா பாத்துக்கிட்டு இருக்கேன்?" என்றார் உங்கள் கொழுந்தனார்.

"நீ கேட்டியாலே? மருந்து டின்ன தூக்கிறதுக்கு முன்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"அப்படின்னா பிரிச்சுக்கிருவோம். உங்க பந்தல் உங்களுக்கு, எம் பந்தல் எனக்கு. வீட்டுக்கு நடுவுலயும் ஒரு சுவத்த வச்சுக்கிருவோம்."

அத்தான் "வச்சுக்க" என்று சொல்லிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

சுவர் என்றால் எங்கே வரும்? மாதா படம் இருக்கிற இடத்துக்கு நேராகத்தான் வரும். படம் யார் பக்கம்? அடுப்படி யார் பக்கம்? ஜெரால்டுக்கு நான் சோறு போட வேண்டுமென்றால் சுவரைச் சுற்றியா போக வேண்டும்? நீங்கள் இருபத்தாறு பேரோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்த வீட்டை நான் ஐந்தாறு மாதத்தில் அவிழ்த்துவிட்டேனே என்று இருந்தது.

இரண்டு நாள் அழுதேன். மூன்றாவது நாள் வேலையில் இறங்கினேன். என்னைத் தெரியாதா உங்களுக்கு?

முதலில் நேரத்தை மாற்றினேன். ஏழு மணி என்றால் ஜெரால்டு இல்லை, மெர்சி இல்லை. எட்டேகால் என்றால் எல்லோரும் இருப்பார்கள். கோயில் மணிக்கும் நமக்கும் ஒன்றேகால் மணி நேரம் வித்தியாசம், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன். சாதாரண நாளில் செபமாலையில் ஒரு பத்து மணி மட்டும். முழு செபமாலை சனிக்கிழமை. மொத்தம் பதினைந்து நிமிடம். முடிந்த கையோடு அதே பாயில் சாப்பாடு. போன்கள் எல்லாம் அரிசி புடைக்கும் சுளகில் போட்டு அலமாரிக்கு மேலே. உங்கள் கொழுந்தனார் முதலில் முறைத்தார். "எங்கண்ணன் வந்தா எந்திரிச்சுப் போயிருவேன்" என்றார். "வரட்டும், அப்ப பாத்துக்கிருவோம்" என்றேன்.

பெயர் வரிசையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று உட்கார்ந்தால் எனக்கு ஆறு பெயருக்கு மேல் வரவில்லை. சேர்ந்தாற்போல ஐந்து மாதம் விட்டால் மறக்காதா? ஜெனிபர் நோட்டை எடுத்தாள். ஜெரால்டு ஏழு பெயர் சொன்னான். மெர்சி ஒன்பது சொன்னாள். அரிசி டிரம்மில் தூங்கிக்கொண்டே இருந்த ஜெனிபர்தான் கஞ்சி அம்மச்சியையும் பஸ்காரரையும் சொன்னாள். தன் தாத்தாவோடு பிறந்து சிறுபிள்ளையிலேயே இறந்துபோன இரண்டு பேரை உங்கள் கொழுந்தனார் டிவியைப் பார்த்தபடியே சொன்னார். இருபத்தாறும் சேர்ந்துவிட்டது. நாளுக்கு மூன்று, நான்கு என்று கிழமை வாரியாகப் பிரித்து எழுதினாள். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, "அம்மா, பெரியம்மா எந்தக் கிழமை?" என்று கேட்டாள்.

நான் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நானே மோட்டார் ரூமுக்குப் போனேன். அத்தான் சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தார். தூக்கை வைத்துவிட்டு நின்றேன்.

"அத்தான், ஏன் செபத்துக்கு வரமாட்டேங்கிறீக?"

அவர் குழாயை விட்டு நிமிரவில்லை. "வந்தேன்ல. முப்பதாம் நாளு வந்தேன்ல."

"அதுக்குப் பெறகு?"

"ஒவ்வொரு பேராச் சொல்லிக்கிட்டே வந்த. எங்கய்யா பேரு வந்துச்சு, எங்காத்தா பேரு வந்துச்சு. அடுத்து அவ பேருதான்னு கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். நீ தாண்டிப் போயிட்ட. மறுநாளு பாத்தா வரிசையவே காணோம்." குழாயை உதறினார். "ரோட்டுல போனவகளுக்கெல்லாம் வேண்டுனவ. அவளுக்கு வேண்ட அந்த வீட்டுல ஆளில்லைன்னு வந்துட்டேன்."

சோறு ஆறுதுன்னு எவளாவது விட்டுட்டா என்று கேட்டீர்களே. அந்த எவளோ நான்தான் அக்கா.

"உங்களுக்கு நோகும்னு நினைச்சுத்தான் அத்தான் விட்டேன்" என்றேன். சொன்னதும் அது முழு உண்மை இல்லை என்று எனக்கே தெரிந்தது. அழுகை வந்துவிட்டது. "இல்லத்தான். எனக்குத்தான் வாய் வரல. அந்த வரிசையில அவுக பேரச் சொல்லிட்டா, அவுக செத்துட்டாகன்னு நானே சொன்ன மாதிரி ஆயிருமேன்னு பயம். நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கும் வாய் வரலைல்ல" என்றார் அத்தான். "நீ சொல்லுவன்னு இருந்தேன்."

ஆக, நான் அவருக்காகச் சொல்லாமல் விட்டேன். அவர் நான் சொல்வேன் என்று காத்திருந்தார். இதற்கு நடுவில் ஒரு பந்தல் திராட்சையும் போய், வீட்டுக்குள் சுவரும் வரப் பார்த்தது. இந்தக் கூத்தை நீங்கள் பார்த்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

"இப்பச் செபம் எட்டேகாலுக்கு அத்தான். பதினஞ்சு நிமிசந்தான். வாங்க" என்றேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. "வெயிலா இருக்கு, துண்டப் போட்டுக்கிட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

அன்று எட்டேகாலுக்குச் சிலுவை போட்டோம். அத்தான் இல்லை. முதல் அருள் நிறைந்த மரியே பாதியில் இருந்தபோது கொல்லையில் கால் கழுவுகிற சத்தம் கேட்டது. வந்தார். அவர் எப்போதும் உட்காருகிற இடத்தில் ஜெரால்டு இருந்தான். உங்கள் கொழுந்தனார் எழுந்து போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் எழவில்லை. அண்ணனை நிமிர்ந்து பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அத்தான் தம்பி பக்கத்தில் உட்கார்ந்தார்.

செபமாலையில் பத்து மணி முடிந்தது. அன்றைய நான்கு பெயரை ஜெனிபர் நோட்டைப் பார்த்துப் படித்தாள். பிறகு நோட்டை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். "எங்க அக்கா..." என்றதோடு நின்றுவிட்டது. மறுபடியும் தாண்டிப் போய்விடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

அப்போது அத்தான் சொன்னார், "சவேரியம்மாளுக்காக."

அவர் குரல் உடையவில்லை. தோட்டத்தில் ஆளைக் கூப்பிடுகிற அதே குரல். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அருள் நிறைந்த மரியே சொன்னோம். யார் அழுதது, யார் சொன்னது என்று தெரியவில்லை. நடுவில் குக்கர் விசில் அடித்தது. ஒருவரும் அசையவில்லை. ஜெனிபர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டே மூன்று விரலைக் காட்டினாள், மூன்றாவது விசிலாம். எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

மன்றாட்டு வந்தது. அத்தான் தொண்டையைச் செருமினார்.

"ஆண்டவரே, நாளைக்குக் காலையில மேக்குப் பந்தலுக்குக் கவாத்து வெட்ட ஆளுக வாராக. ஆறு மணிக்கெல்லாம் அங்கன நிக்கணும். எந் தம்பி அஞ்சு மணிக்கு எந்திரிக்க நீர்தான் கிருபை செய்யணும்."

உங்கள் கொழுந்தனார், தரையைப் பார்த்தபடி, எங்கள் எல்லோருக்கும் முன்னால் சொன்னார், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

மறுநாள் நான் ஐந்து மணிக்கு எழுந்து பார்த்தபோது வண்டி இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் போயிருந்தார்கள். சுவர் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

இப்போதைய செய்தியைக் கேளுங்கள். மேற்குப் பந்தலில் பிஞ்சு பிடித்திருக்கிறது. ஜெரால்டு வண்டிக்குப் பிரேக் மாற்றிவிட்டான், உங்கள் மன்றாட்டு ஒரு வருசம் கழித்துக் கேட்கப்பட்டது. சனிக்கிழமை சாயங்காலமே ஆறு பேரும் பூசைக்குப் போடும் துணியையும் அவன்தான் தேய்த்து வைக்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஒன்றாகக் கிளம்பி, மணி அடிக்கும் முன்பே கோயிலில் இருக்கிறோம். அவரவர் தட்டை அவரவர் கழுவ வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். உங்கள் கொழுந்தனாரும் கழுவுகிறார், பாதி எண்ணெய் அப்படியே இருக்கும், நான் ஒன்றும் சொல்வதில்லை. காலையில் யாரும் எதையும் தேடுவதில்லை. எல்லாம் முந்தின நாள் மன்றாட்டிலேயே வந்துவிடுகிறது. ஒருநாள் ஜெரால்டு, "ஆண்டவரே, வாரத்துல மூணு நாளு புடலங்காய் வைக்காம இருக்க எங்க சித்திக்கு நல்ல மனசு தாரும்" என்று வேண்டினான். அன்றில் இருந்து மன்றாட்டில் சமையலைப் பற்றிப் பேசக்கூடாது என்று இன்னொரு சட்டமும் போட்டேன். அதற்கு மட்டும் யாரும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லவில்லை.

நீங்கள் வைத்த ஒரு மணி நேரச் செபத்தை நான் பதினைந்து நிமிடமாகச் சுருக்கிவிட்டேன். அதில் உங்களுக்கு வருத்தமா? நேரில் இருந்தால் செபமாலையில் இன்னும் ஒரு பத்து மணியாவது கூட்டச் சொல்லிச் சண்டை போட்டிருப்பீர்கள், நானும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். அந்தச் சண்டைக்கு ஆள் இல்லாததுதான் எனக்குக் குறை. அடுப்படியில் ஒதுங்கி நின்று உங்களுக்கு வழி விட்டே பழகிய உடம்பு, இப்போதும் தாளிக்கும்போது கொஞ்சம் ஓரமாகத்தான் நிற்கிறது.

இதை எழுத இரண்டு நாளாகிவிட்டது; நடுவில் நினைவு அட்டைக்கு என்ன எழுத என்று அத்தானிடமே கேட்டோம். "பேரப் பெருசாப் போடச் சொல்லு, அது போதும்" என்றார். அதனால் அந்த இரண்டு வரி இடத்திலும் உங்கள் பெயர்தான் இருக்கிறது.

ஜெனிபர் கேட்டாளே, பெரியம்மா எந்தக் கிழமை என்று. உங்களுக்குக் கிழமை கிடையாது. மற்ற இருபத்தாறு பேரும் முறைவைத்து வருகிறார்கள், நீங்கள் தினமும் வருகிறீர்கள். இது என் வாக்கு அக்கா. என் தலை இருக்கும்வரை, எனக்குப் பிறகு இந்தப் பிள்ளைகள் தலை இருக்கும்வரை, சோறு ஆறினாலும் சரி, குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் சரி, இந்த வீட்டில் உங்கள் பெயரைத் தாண்டிப் போகமாட்டோம்.

மணி எட்டு அடித்துவிட்டது. அத்தான் கால் கழுவுகிற சத்தம் கேட்கிறது. பாய் விரிக்க வேண்டும், வரட்டுமா?

உங்கள் கொழுந்தன் பொண்டாட்டியாக வந்து, நீங்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டே உங்கள் கூடப்பிறந்தவளாகிப்போன
தங்கச்சி செல்வி